70 மி.மீ. ஜெட் ஒன்றோடு ஃப்ளை-இன் போகலாமா?

ஏப்ரல் 27, 2025

டெட்ராய்ட் பக்கத்துத் தம்பி கேட்டிருப்பது:

“அண்ணா, என்னிடம் ரேடியோவில் ஓட்டும் மாடல் ஜெட் ஒன்றுதான் இருக்கிறது, குழாய்க்குள் 70 மி.மீ. மின்சார ஃபேன் போட்ட ஃபோம் ஜெட். 6 எஸ் 4000 பேட்டரி (ஆறு செல், 4000 எம்.ஏ.எச்., அதாவது மில்லி ஆம்பியர்-ஹவர்) மூன்று. ஜூன் நடுவில் இண்டியானாவில் ஒரு கிளப் மின்சார ஜெட்டுக்கென்றே சனிக்கிழமை ஃப்ளை-இன், அதாவது கூடிப் பறக்கவிடும் கூட்டம், போடுகிறார்கள். நாலு மணி நேரம் காரோட்டிப் போய் நாலு நிமிடம் பறக்கவிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது? வருகிறவர்கள் எல்லாரும் 90, 105 என்று வைத்திருப்பார்கள். நான் ஒதுங்கி நிற்க வேண்டியதுதானே?”

போங்க தம்பி. ஒதுங்கி நிற்க நேரமே கிடைக்காது. அந்த நாலு நிமிடக் கணக்குதான் இந்தக் கூட்டங்களை நன்றாக வைத்திருக்கிறது. கிளைடர் கூட்டத்தில் ஒருவர் ஏற்றினால் அரை மணி நேரம் இறக்க மாட்டார். பெட்ரோல் எஞ்சின்காரர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றுவார். மின்சார ஜெட்டில் எல்லாருக்கும் ஒரே கதி: மூன்று, நான்கு நிமிடத்தில் தரை இறங்கியாக வேண்டும். அதனால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். 105 மி.மீ. வைத்திருப்பவரும் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

ஏப்ரல் 28

“ஏன் நாலு நிமிடத்துக்கு மேல் போகாது, பேட்டரி பெரிதாகப் போட்டால்?” என்று இன்னொருவர். போடலாம். எடை ஏறும், எடைக்கு வேகம் வேண்டும், வேகத்துக்குக் கரண்ட் வேண்டும். சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

விஷயம் ஃபேனின் பரப்பில் இருக்கிறது. 70 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. இதே எடையுள்ள சாதாரண விமானத்தில் 12 அங்குல புரொப்பெல்லர் போட்டால் அது வாரும் வட்டம் 730 சதுர செ.மீ. பத்தொன்பது மடங்கு! அது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. நம்முடையது கொஞ்சம் காற்றை அடுப்பு ஊதும் ஊதுகுழல் மாதிரி வேகமாகத் தள்ளுகிறது. தள்ளுவிசை கணக்கில் வேகம் ஒரு முறைதான் பெருகும். செலவாகும் சக்தியில் வேகத்தின் வர்க்கம் வரும். எனவே அதே தள்ளுவிசைக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். முழு த்ராட்டிலில் உங்கள் ஜெட் 60 முதல் 70 ஆம்பியர் குடிக்கும். வானத்தில் த்ராட்டிலைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால் சராசரி 45 ஆம்பியர் என்று வையுங்கள். 4000-இல் ஐந்தில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. மீதி 3200. நிமிடத்துக்கு 750 எம்.ஏ.எச். போகிறது என்றால் நாலேகால் நிமிடம்.

உங்கள் சொந்த மைதானத்தில், தனியாக ஓட்டும்போது, டைமரை நாலு நிமிடத்தில் வைக்கலாம்.

மே 3

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: சீனாவிலிருந்து நேரடியாக வரவழைத்த முன்சக்கர ரிட்ராக்டுக்கு (சக்கரத்தை உள்ளே மடக்கும் கருவிக்கு) இந்த வாரத்திலிருந்து வரி போடுகிறார்களாமே என்று. ஆமாம். 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு வரி இல்லை என்றிருந்த சலுகை சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் நேற்றோடு போய்விட்டது. நம் பொழுதுபோக்கில் ஃபோம் உடல், ஃபேன், மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர் என்று தொட்டதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. இருப்பதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தை உடைக்காமல் இறக்குவது இந்த ஆண்டு முன்பைவிட முக்கியம்.

இதற்கும் கூட்டத்துக்கும் தொடர்பு உண்டு. கூட்டத்தில் உடைவது பெரும்பாலும் முன்சக்கரம்தான்.

மே 6

புல் ரன்வேயா, தார் ரன்வேயா என்று முதலில் கிளப்பில் கேளுங்கள். புல் என்றால் வெட்டி எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஜெட்காரர்கள் எல்லாரும் கேட்பதுதான்.

புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலைத் திறந்த நொடியே காற்று வால் மேல் அடிக்கும்; எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) உடனே வேலை செய்யும். ஜெட்டில் காற்றெல்லாம் குழாய் வழியாகப் பின்னால் போய்விடுகிறது. ஓடி வேகம் எடுக்கும்வரை எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழும்பாது. உயரமான புல்லில் சின்னச் சக்கரம் வேகத்தைத் தின்றுவிடும். ரன்வேயின் கடைசிவரை ஓடி, அங்கே பதறி முழுக்க இழுத்து, எழும்பிய மறுநொடி சிறகு சாய்ந்து விழுகிறவர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கலாம். பாதி ஃப்ளாப்ஸ் (சிறகின் பின்னோரத்தில் கீழே மடங்கும் பலகை) போடுங்கள், ரன்வேயின் முதல் அங்குலத்திலிருந்தே ஓட்டத்தைத் தொடங்குங்கள், முக்கால் தூரத்தில் எழும்பவில்லை என்றால் த்ராட்டிலை மூடுங்கள். மூடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் மதிக்கும் விமானிகள் எல்லாரும் மூடியிருக்கிறார்கள்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 35 டிகிரியில் இருக்கும் காற்று ஆறேழு சதவீதம் லேசு. ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் அவ்வளவு தள்ளுவிசை குறையும். ஏப்ரல் குளிரில் எழும்பிய ஜெட் ஜூன் மதியத்தில் அதே தூரத்தில் எழும்பாது.

மே 7

காகிதங்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 250 கிராமுக்கு மேல் எடை என்றால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவு வேண்டும். ஐந்து டாலர், மூன்று ஆண்டு; ஒரே எண்ணை உங்கள் எல்லா மாடல்களிலும் வெளியே தெரியும்படி எழுத வேண்டும். ‘டிரஸ்ட்’ என்ற இலவசத் தேர்வுச் சான்றிதழ் கைவசம் இருக்க வேண்டும். கிளப் மைதானம் ‘ஃப்ரியா’ (எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட பறக்கும் இடம்) அங்கீகாரம் பெற்றது என்றால், மாடலின் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ரிமோட் ஐ.டி. கருவி தேவையில்லை, இல்லையென்றால் மாடலில் அது வேண்டும். அநேக கிளப்கள் ஏ.எம்.ஏ. (அமெரிக்க மாடல் விமானச் சங்கம்) உறுப்பினர் அட்டையையும் பார்த்த பிறகுதான் விடுவார்கள்.

மே 15

ஏப்ரல் 28 அன்று நாலு நிமிட டைமர் என்று எழுதினேன் அல்லவா, ‘சொந்த மைதானத்தில், தனியாக’ என்று. கூட்டத்துக்கு வேறு கணக்கு. இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தக் குறிப்பைப் படியுங்கள்.

தனியாக இருக்கும்போது ரன்வே எப்போதும் உங்களுடையது. கூட்டத்தில் வானில் நாலைந்து பேர் இருப்பார்கள். நீங்கள் இறங்க வரும்போது முன்னால் இறங்கியவரின் சக்கரம் மடங்கி அவர் ரன்வே நடுவில் படுத்திருப்பார். இன்னொருவர் ‘டெட் ஸ்டிக்’ என்று கத்துவார். மோட்டார் நின்றவருக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் த்ராட்டிலைத் திறந்து மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தே ஆக வேண்டும்.

அந்த ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகும்? பத்து நொடி முழு த்ராட்டிலில் ஏறுகிறீர்கள், 65 ஆம்பியர்: 180 எம்.ஏ.எச். அதன்பின் அரை நிமிடம் 35 ஆம்பியரில் வளைந்து வருகிறீர்கள்: 290. ஆக 470. பயத்தில் விரல் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், 500 என்று வையுங்கள். கூட்டத்தில் இரண்டு சுற்றுக்கு இருப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 3200-இல் 1000 போனால் 2200. அதை 750-ஆல் வகுத்தால் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

டைமரை 2 நிமிடம் 50 நொடியில் வையுங்கள். மணி அடித்ததும் இறங்கத் தொடங்குங்கள். ‘இன்னும் ஒரே ஒரு லோ பாஸ்’ (ரன்வே மேல் தாழப் பறந்து போவது) என்று நினைக்கும் நிமிடம்தான் மாடலைத் தின்கிறது.

த்ராட்டிலைத் திறப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபேன் வேகம் பிடிக்க ஒரு நொடி எடுக்கும். அதற்குப் பிறகு மாடல் வேகம் பிடிக்க இன்னும் இரண்டு நொடி. எனவே தரையை நெருங்கியபின் முடிவெடுத்தால் காலம் கடந்துவிட்டது. கடைசித் திருப்பம் முடிந்து ரன்வேக்கு நேராக வந்ததுமே முடிவெடுங்கள். இறங்கும்போதும் த்ராட்டிலை முழுக்க மூடாமல் கால்வாசி திறந்தே வாருங்கள். மூடினால் ஃபேனே காற்றுக்குத் தடையாகி ஜெட் கல்லாக இறங்கும்.

மே 16

டல்லாஸ் அண்ணன் ஒருவர்: “மூன்று நிமிடத்துக்கும் குறைவாகப் பறக்கவா ஒருவர் நாலு மணி நேரம் ஓட்டுவார்? பேட்டரி மேல் உனக்கு அநியாயப் பாசம்.”

அண்ணே, மூன்று நிமிடம் ஆறு முறை கிடைக்கும். நாலு நிமிடம் என்றால் சில சமயம் ஒரு முறைதான்.

மே 25

அதே அண்ணன் இப்போது தானும் வருகிறேன் என்கிறார், விமானத்தில். ஜெட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம், பேட்டரி என்ன செய்வது என்று கேள்வி. கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி கூடாது. எல்லை 100 வாட்-ஹவர். 6 எஸ் என்றால் 22.2 வோல்ட். 4000 என்றால் 88.8, தாராளமாக உள்ளே வரும். 5000 என்றால் 111. அதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுதான். முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள், முழுச் சார்ஜில் கொண்டுவராதீர்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட், சேமிப்பு நிலை, அது போதும்.

தம்பியின் பேட்டரியும் அண்ணனின் பேட்டரியும் ஒரே அளவு. மேஜையில் பகிர்ந்துகொள்ளலாம்.

ஜூன் 8

சார்ஜ் மேஜை பற்றி எழுத மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கூட்டங்களில் மக்கள் ரன்வேக்குக் காத்திருப்பதைவிட மின்சாரத்துக்குக் காத்திருப்பது அதிகம். 6 எஸ் 4000-ஐ 2சி வேகத்தில், அதாவது கொள்ளளவின் இரு மடங்கான 8 ஆம்பியரில் ஏற்றினால் சுமார் 190 வாட். சார்ஜரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 220-க்கு மேல். 2000 வாட் ரக ஜெனரேட்டர் தொடர்ந்து தருவது 1600, 1800. ஏழெட்டுப் பேர்தான் அதில் உட்காரலாம். இருபது பேர் வந்தால்? எல்லாரும் முதல் விமானத்தை முடித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு ஒரே நேரத்தில் மேஜைக்கு வருவார்கள். ஜெனரேட்டர் இருமும், நிற்கும்.

எனவே மூன்று பேட்டரியையும் வீட்டிலேயே அன்று காலை நிரப்பிக்கொண்டு போங்கள். மேஜையில் 1சி வேகத்தில் ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் மற்றவர்களைப் பாருங்கள். சூடாக இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள், நிழலில் ஆறவிடுங்கள். இரண்டு பேட்டரியை இணையாக மாட்டிச் சார்ஜ் செய்கிறவர்கள் முதலில் இரண்டின் செல் வோல்டேஜும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்; பாதி தீர்ந்ததையும் நிறைந்ததையும் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரண்ட் பாயும், வயர் உருகும். மாட்டிவிட்டு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

மூடிய காருக்குள் ஜெட்டை விடாதீர்கள். கரும்பச்சை, கறுப்புப் பெயின்ட் அடித்த ஃபோம் வெயிலில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும். அது திரும்பச் சரியாகாது.

ஜூன் 15

நேற்றுப் போய் வந்தோம். தம்பியும் வந்தார், டல்லாஸ் அண்ணனும் வந்தார்.

காலையில் விமானிகள் கூட்டம்: வானில் ஒரே நேரத்தில் ஐவர், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஸ்பாட்டர் (சுற்றிலும் பார்த்துச் சொல்லும் துணையாள்), எல்லாரும் ஒரே திசைச் சுற்று, கூட்டத்தின் தலைக்கு மேல் யாரும் வரக்கூடாது. எது செய்தாலும் உரக்கச் சொல்ல வேண்டும்: ‘டேக் ஆஃப்’, ‘லேண்டிங்’, ‘ரன்வேயில் ஆள்’. தம்பிக்கு முதலில் குரல் எழும்பவில்லை. நான் ஸ்பாட்டராக நின்று அவருக்காகக் கத்தினேன். மதியத்துக்குள் அவர் குரல் பார்க்கிங் வரை கேட்டது.

இரண்டாம் பறத்தலில் நான் மே 15-இல் எழுதியது அப்படியே நடந்தது. தம்பியின் டைமர் அடிக்கிறது, ‘லேண்டிங்’ என்று சொல்லிவிட்டுக் கடைசித் திருப்பத்தில் வருகிறார். அவருக்கு முன்னால் இறங்கிய எஃப்-14 போர் விமான மாடல் ஒன்று முன்சக்கரம் மடங்கி ரன்வேயின் நடுவில் மூக்கைப் புதைத்து நிற்கிறது. உடையவர் எடுக்க ஓடுகிறார். ‘ரன்வேயில் ஆள்!’ தம்பி த்ராட்டிலைத் திறந்தார். சுற்றி வந்தார். ஆள் இன்னும் நகரவில்லை. கழன்ற சக்கரத்தைப் புல்லில் தேடுகிறார். மறுபடி ஒரு சுற்று. மூன்றாம் வருகையில் இறங்கினார், கொஞ்சம் துள்ளி, ஆனால் நேராக. பேட்டரியைக் கழற்றி அளந்தோம்: செல்லுக்கு 3.74 வோல்ட். நாலு நிமிட டைமர் வைத்திருந்தால் இரண்டாம் சுற்று சோளக்கொல்லையில் முடிந்திருக்கும்.

அண்ணன் வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் டிரான்ஸ்மிட்டரை எடுத்து டைமரை மாற்றினார். அவ்வளவு தொலைவு வந்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

ஜூன் 16

நேற்று எழுத இடமில்லாமல் விட்டது. சத்தம்!

பன்னிரண்டு இலை ஃபேனும் ஐந்து இலை ஃபேனும் அடுத்தடுத்துப் பறந்தன. பார்க்க வந்த ஒருவர் முதலாவதை நிஜ டர்பைன் என்று நினைத்து, எண்ணெய் வாசம் வரவில்லையே என்று கேட்டார். காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 40,000 சுற்று வாக்கில் ஐந்து இலை என்றால் நொடிக்கு 3300 அதிர்வு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். அதனால்தான் அந்தக் கீச்சு பல்லைக் கூசவைக்கிறது. பன்னிரண்டு இலை என்றால் 8000 அதிர்வு. அங்கே காது சற்று மந்தம், காற்றும் அந்த அதிர்வைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கீச்சு அடங்கியதும் குழாயிலிருந்து வரும் காற்றின் இரைச்சல் மேலே தெரிகிறது. காதுக்கு அது ஜெட்.

மண்ணெண்ணெய் டர்பைன் ஓட்ட ஏ.எம்.ஏ.-வின் தனி அனுமதி வேண்டும். நமக்கு வேண்டாம். தீயணைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஆனாலும் பேட்டரி மேஜைப் பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருந்தார்கள், நல்ல பழக்கம்.

என் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரை சார்ஜ் மேஜையிலேயே தீர்ந்துவிட்டது. பேட்டரி நிறைவதற்காகக் காத்திருப்பவர்களுக்குப் பசி அதிகம்.

ஜூன் 22

கூட்டத்தில் ஒரு முதியவர் 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ காலத்தைச் சொன்னார், அதையும் இங்கே வைக்கிறேன். அப்போது மாடல் விமானத்துக்கு 11 முதல் 60 வரை ஐம்பது சேனல். ஒரே சேனலில் இருவர் ஆன் செய்தால் வானில் இருப்பது விழும். அதனால் மைதானத்தில் பலகை ஒன்று, அதில் எண் எழுதிய துணி கிளிப். உங்கள் எண் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிய பிறகுதான் டிரான்ஸ்மிட்டரைத் தொடலாம். இன்னொருவரிடம் அந்தக் கிளிப் இருந்தால் அவர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சேனல் மோதாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் பலகை போய்விட்டது. இப்போது நம்மைக் காக்கவைப்பது பேட்டரிதான். காத்திருந்த காலத்தில்தான் எல்லாரோடும் பழகினேன் என்றார் அவர். எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது.

ஜூன் 29

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: அமெரிக்காவிலிருந்து வரும் மாமா 70 மி.மீ. ஜெட் ஒன்றைக் கொண்டுவரலாமா?

கவனம். 2022 பிப்ரவரியில் இந்திய அரசு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. முழுதாக வந்தாலும் பிரித்துக் கிட்டாக வந்தாலும் தடைதான். உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. ‘இது ட்ரோன் இல்லை, விமான மாடல்’ என்று சுங்கத்தில் வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகளிலேயே ஆளில்லா விமானம், ஹெலிகாப்டர் ரகம், கலப்பு ரகம் மூன்றும் ஒரே குடைக்குள் வருகின்றன. ஃபேன், மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கி, உடலை டெப்ரான் அல்லது தெர்மோகோல் ஷீட்டில் அங்கேயே கட்டுவது நல்லது. கட்டிய ஜெட்டுக்கு ஒரு வால் உடைந்தால் அன்று மாலையே மறுவால் வெட்டலாம். வாங்கிய ஜெட்டில் அந்தச் சுகம் கிடையாது.

கட்டினால் ஒன்றைப் பாருங்கள்: குழாயின் வெளிவாய் ஃபேன் இலைகள் வாரும் பரப்பில் 85 முதல் 90 சதவீதம் வரை. அதைவிடக் குறுக்கினால் ஓடும் தொடக்கத்தில் தள்ளுவிசை குறையும். விரித்தால் உச்ச வேகம் போய்விடும். உள்வாய் போதவில்லை என்றால் வயிற்றில் ஒரு துளை போட்டுக் காற்று விடுங்கள். பெரிய கம்பெனி மாடல்களிலேயே போடுகிறார்கள்.

ஜூலை 5

தம்பி இன்று கேட்டிருக்கிறார்: அடுத்தது 90 மி.மீ. வாங்கலாமா?

இந்த 70-ஐயே இந்தக் கோடை முழுக்க ஓட்டுங்கள். குறுக்குக் காற்றில் இறக்கிப் பழகுங்கள். கைரோ ஆன் செய்து ஒரு நாள், ஆஃப் செய்து ஒரு நாள். கைரோ காற்றின் உதறலை அடக்கும். வேகம் போதவில்லை என்பதை அது உங்களுக்குச் சொல்லாது, அதை விரல்தான் கற்க வேண்டும். 90-க்குப் போனால் 6 எஸ்-இலேயே 100 ஆம்பியர் பக்கம் வரும், உங்கள் 4000 பேட்டரி மூன்றும் அதற்கு உதவாது. புதிதாக வாங்க வேண்டியது ஜெட் ஒன்றோடு நிற்காது.

செப்டம்பரில் அதே கிளப் இன்னொரு சனிக்கிழமை வைக்கிறது. போனால் முந்தின நாளே கிளம்பி இண்டியானாவின் மன்சி ஊரில் இறங்குங்கள். ஏ.எம்.ஏ. தலைமையகம் அங்கேதான், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பறக்கும் நிலம், மாடல் விமானங்களுக்கென்றே ஒரு மியூசியம். 1936-இல் தொடங்கிய சங்கம். பார்க்க அரை நாள் வேண்டும்.

ஜெனரேட்டர் இந்த முறை நான் கொண்டுவருகிறேன். டல்லாஸ் அண்ணே, உங்கள் பேட்டரிக்கு இடம் உண்டு, ஆனால் 1சி-யில்தான்.